நீலக்குருவிக் கூடும் என் மகனின் காதும்

2024 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் ஐந்து நாற்பது. உன் மெமரி கார்ட்டில் இருப்பது இன்று காலை நீ எடுத்த நாற்பத்தொரு படம்.

ஜூட், உன் கமரா செத்துவிட்டது. கார்ட் சாகவில்லை. நாற்பத்தொன்றையும் ஒவ்வொன்றாக, முழு அளவில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இதைக் காலையில் செய்திருக்க வேண்டும். செய்யாமல் கையை ஓங்கினேன். இந்தக் கடிதம் உனக்கு. ஆனால் நம் குருவிக் குழுவின் வட்ஸ்அப்பிலும் போடப்போகிறேன். ஏனென்றால் காலையில் உன்னைப் பற்றி எழுதியதும் அங்கேதான். "கூட்டை மறைத்த இலையை வெட்டிவிட்டுப் படம் எடுத்திருக்கிறான், என் மகன் என்று பார்க்க வேண்டாம், குழுவிலிருந்து தூக்குங்கள்" என்று எழுதினேன். தூக்கிவிட்டார்கள். ஆகவே முதலில் குழுவுக்கு ஒரு வரி: ஜூட் எதையும் வெட்டவில்லை. சனிக்கிழமை அந்தக் கிளையை ஒதுக்கிக் கட்டிவிட்டு அவிழ்க்காமல் போனவன் நான். மூன்று குஞ்சும் செத்தது என் கட்டினால். மிச்சத்தை வாசிக்க விரும்புகிறவர்கள் வாசியுங்கள். நீளமாகத்தான் இருக்கும். சுருக்கமாகப் பேசி முடிக்கிற பழக்கம்தான் என்னை இங்கே கொண்டு வந்து விட்டிருக்கிறது.

உனக்குப் பதினெட்டு, எனக்கு முப்பத்தெட்டு. பத்தொன்பதில் கல்யாணம், இருபதில் நீ. எதற்கும் காத்திருக்கத் தெரியாதவன் அப்பாவானால் இப்படித்தான் கணக்கு வரும். பயிற்சி முடித்த கையோடு லிஃப்ட் கம்பனியில் சேர்ந்தேன். கண்டியில் ஹோட்டல்கள், ஆஸ்பத்திரிகள், கடைத்தொகுதிகள் என்று கூரைக்கு மேலே இருக்கிற மோட்டார் அறைகளில்தான் என் வாலிபம் போனது. அந்த இரைச்சல் என் காதின் மேல்பக்கத்தைத் தின்றுவிட்டது. ஆள் பேசுவது கேட்கும், பஸ் ஹோர்ன் கேட்கும். சின்னக் குருவியின் மெல்லிய விசில் கேட்காது. குருவிப் படம் எடுக்கிறவனுக்கு இது எவ்வளவு பெரிய ஊனம் என்று குழுவில் எல்லாருக்கும் தெரியும். காட்டில் குருவியை முதலில் கண்டுபிடிப்பது கண் இல்லை, காது. அந்தக் காது எனக்கு நீயாகத்தான் இருந்தாய். ஏழு வயதில் என் முன்னால் நடந்துகொண்டு, "அங்க இல்லப்பா, இங்க. வலது பக்கம். ரெண்டு நிக்குது, ஒண்ணு கொஞ்சம் தள்ளி" என்பாய். நான் லென்சைத் திருப்புவேன். இருக்கும். என் கூட்டாளி ரிஸ்வான் அதைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பான். "மச்சான், ஒனக்குக் கமரா வாங்கினது வீண் செலவு, இந்தப் புள்ளையத்தான் தூக்கிட்டுத் திரியிற" என்பான். மடவளையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறவனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு விலை தெரியும். என்னைவிட அவனுக்கு உன் விலை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

உனக்கு நான் என்ன பழக்கினேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். குருவி என்றால் அழகு, பாட்டு, நிறம் என்று நான் உனக்குச் சொல்லித் தரவில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் பத்து நிமிடம்கூட ஒரு குருவியைப் பார்த்திருக்கமாட்டார்கள். மீன்கொத்தி ஓணானைப் பிடித்துக் கொப்பில் அடிக்கும், தலை பிய்ந்து தொங்கும்வரை அடிக்கும். நீ எட்டு வயதில் அதைப் பார்த்துக் கண்ணைப் பொத்தினாய். நான் உன் கையை விலக்கிவிட்டேன். "பாரு. இதுதான் உண்மை" என்றேன். செண்பகம் நத்தையை உடைத்துச் சதையை இழுப்பதையும், வல்லூறு ஒரு தினைக்குருவியை உயிரோடு பிடித்துவைத்து நெஞ்சு இறகைப் பிடுங்குவதையும் நாமிருவரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொண்டு எடுத்திருக்கிறோம். வல்லூறு அன்று இறகைப் பிடுங்கப் பிடுங்க, கிரிக்கெட் பார்க்கிற மாதிரி ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டோம். "கிடைச்சிதா? கண்ணு ஷார்ப்பா?" என்று கேட்டேன். வீட்டுக்கு வந்து குழுவில் போட்டால் பூவில் தேன் குடிக்கிற குருவிக்குப் பத்துப் பேர் கைதட்டுவார்கள். இரத்தம் இருக்கிற படத்துக்கு எண்பது பேர். இரத்தத்துக்குத்தான் கூட்டம் வரும் என்று உனக்குக் காட்டியவன் நான். ஆகவே நீ அந்தப் படத்தைப் போட்டதற்காக உன்னைத் திட்ட எனக்கு முழு உரிமை இல்லை. கொஞ்சம் இருக்கிறது, அதைக் கடைசியில் கேட்பேன்.

இப்போது சனிக்கிழமை. வத்தேகமவுக்கு மேலே, யாரும் கவனிக்காமல் விட்ட கொக்கோத் தோட்டத்தில், ஓடைக்கரையில் நிற்கிற காட்டுக் கோப்பிச் செடி. நெஞ்சளவு உயரத்தில் கவைக்கொப்பில் அந்தக் கூடு. தமிழில் அந்தக் குருவிக்கு முழ நீளத்தில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், கரும்பிடரி என்று தொடங்கும். நாம் நீலக்குருவி என்றே சொல்வோம். ஆண் முழுக்க நீலம், பின்தலையில் ஒரு கறுப்புப் பொட்டு. சிலந்திவலையும் பாசியும் சேர்த்துக் கட்டிய கிண்ணம், தேநீர்க் கோப்பையைவிடச் சின்னது. அதைக் கண்டுபிடித்தவன் நீ. சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்தாய். கூட்டுக்கு முன்னால் ஒரு கொப்பு இலைகளோடு கதவு மாதிரிச் சாய்ந்திருந்தது. இப்படிப்பட்ட இடத்தில் நம் குழுவுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. இலையை வெட்டக்கூடாது. சணல் நூலால் மெதுவாக ஒதுக்கிக் கட்டு. எடு. உடனே அவிழ்த்து இலையைப் பழைய இடத்துக்கு விடு. அவிழ்த்த பிறகு தாய் வந்து உட்காரும்வரை தூரத்தில் நின்று பார். பிறகு போ. சட்டம் எழுதியவர்களில் நானும் ஒருவன்.

சணல் நூல் ரிஸ்வானின் பையில் இருந்தது. ரிஸ்வான் இன்னும் வந்து சேரவில்லை. அரை மணித்தியாலம் காத்திருந்தால் வந்திருப்பான். வெளிச்சம் அப்போது நன்றாக விழுந்திருந்தது. என் வேலைப் பெல்ட்டில் கேபிள் டை இருந்தது, வயர்களைச் சேர்த்து இறுக்குகிற கறுப்பு நைலோன் பட்டி. போட்டு ஒரு இழுப்பு. முடிந்தது. "அப்பா, அது அவிழாதே" என்றாய். "வெட்டுறதுக்கு கட்டர் இருக்கு. நீ படத்தை எடு" என்றேன். இருபது நிமிடம் எடுத்தோம். அப்போது போன் வந்தது. ஒரு ஹோட்டலில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது, உள்ளே ஆட்கள், ஒரு கர்ப்பிணிப் பெண். ஓடினேன். கட்டர் என் பெல்ட்டில், என் இடுப்பில், என்னோடு கண்டிக்குப் போனது. நீ பின்னால் நின்று, "அப்பா, டையை..." என்று கத்தியது கேட்டது. "பின்னேரம் வந்து வெட்டுறேன்" என்று கத்தினேன். வழியில் கண்ட ரிஸ்வானையும் திருப்பி அனுப்பிவிட்டேன். பின்னேரம் மழை. இரவு சோறு தின்றுவிட்டுப் படுத்தேன். அந்தக் கூடு கதவில்லாத வீடாக அங்கே நின்றது எனக்கு ஒரு தடவைகூட ஞாபகம் வரவில்லை. அந்தப் பெண் பத்திரமாக இறங்கினாள், எல்லாரும் எனக்கு நன்றி சொன்னார்கள், அந்தப் புகழோடு தூங்கினேன்.

உனக்கு ஞாபகம் வந்திருக்கிறது. விடிய முன்னமே எழும்பிப் போயிருக்கிறாய். நான் எழும்பியபோது நீ இல்லை, உன் கமராவும் இல்லை. எட்டரைக்குக் குழுவைத் திறந்தால் உன் படம், அங்கிருந்தே போனில் அனுப்பியிருக்கிறாய். காகம் ஒரு குஞ்சை அதன் இறக்கையில் அலகால் கவ்விப் பிடித்திருக்கிறது. ஆண் நீலக்குருவி காகத்தின் கண்ணுக்கு ஒரு விரல் தூரத்தில், வாயைப் பிளந்துகொண்டு. கீழே கைதட்டல்கள். "ஆயுளில் ஒருமுறை" என்று ஒருவர். "நம் குழுவின் கண்காட்சிக்கு இதுதான் முன்னுக்கு" என்று இன்னொருவர். எனக்கு முதலில் வந்தது பெருமை. அதையும் எழுதிவைக்கிறேன். ஒரு மூச்சு நேரம் பெருமை. அதற்குப் பிறகுதான் கூட்டைச் சுற்றி ஒரு இலைகூட இல்லை என்பதைக் கண்டேன். பின்னால் வெறும் வெளிச்சம். போன் திரையில், உள்ளங்கை அளவுப் படத்தில் அதைப் பார்த்துவிட்டு, பயல் இலையை வெட்டிவிட்டான் என்று தீர்ப்பு எழுதினேன். என் சட்டத்தை என் மகனே மீறிவிட்டான் என்று. முந்தின நாள் நான் போட்ட டை அப்போதும் ஞாபகம் வரவில்லை. நேர்மையான ஆளாக இருக்கிறேன் என்ற திமிரோடு அந்தச் செய்தியைத் தட்டினேன். சொந்த மகன் என்றும் பார்க்காத மனிசன் என்று சிலர் எனக்குக் கும்பிடு போட்டார்கள்.

பத்து மணிக்கு நீ வாசலுக்கு வந்தாய். முழங்கால்வரை சேறு, கழுத்தில் அட்டை கடித்து இரத்தம். அம்மா சர்ச்சில் ஞாயிறு பூசைக்குப் போய்த் திரும்புகிற நேரம். தெருவில் பூசை முடிந்த பாதிச் சனம்.

"வெட்டினியாடா?"

"எதைப்பா?"

"இலையை வெட்டினியா?"

"நான் வெட்டலப்பா."

"அப்ப காக்கா கத்திரிக்கோல் கொண்டாந்துச்சா?"

"நான் வெட்டலப்பா" என்று மறுபடியும் சொன்னாய். மூன்றாம் தடவை சொல்ல நீ வாயைத் திறந்தபோது அடித்துவிட்டேன். திறந்த கை, இடது கன்னமும் காதும் சேர. உனக்குத் தெரியும், பாரமான இரும்பு தூக்குகிற கை. நீ சுவரில் மோதினாய். தோளிலிருந்த கமரா சீமெந்தில் விழுந்து லென்ஸ் வேறு, உடம்பு வேறானது. அந்தச் சத்தத்தில் எனக்கு இன்னும் வெறி ஏறியது. சட்டையைப் பிடித்து இழுத்து மறுபடி அடித்தேன். முதுகில். எத்தனை என்று எனக்குத் தெரியாது. ஊரார் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தது தெரியும், ஒருவர் "விடுங்க தம்பி, விடுங்க" என்றது கேட்டது, நான் விடவில்லை. நிறுத்தியது அம்மா. பூசைச் சேலையோடு குசினிக்குள் ஓடி அகப்பையை எடுத்து வந்து என் மண்டையில் அடித்தாள். என் நெற்றி பிளந்தது. "தள்ளி நில்லு, நாயே" என்றாள். பத்தொன்பது வருடத்தில் அவள் என்னை நீ என்று சொன்னது அப்போதுதான்.

அதற்குப் பிறகு நான் செய்தது அடியைவிடக் கேவலம். குனிந்து கமராவின் துண்டுகளைப் பொறுக்கினேன். ரிஸ்வான் என் செய்தியைப் பார்த்துவிட்டு மோட்டார் சைக்கிளில் பறந்து வந்திருந்தான். அவன் வந்து பார்த்தது அந்தக் காட்சியைத்தான்.

"நீ மனிசனாடா? புள்ளேன்ட காதால ரெத்தம் வருது. நீ லென்சு ஒடஞ்சிட்டாண்டு பாக்கிற!"

"உனக்குத் தெரியாது ரிஸ்வான், இவன் கூட்டை..."

"கூடு மண்ணாப் போகட்டும். வாங்க மகன், ஏறுங்க. தங்கச்சி, நீங்களும் வாங்க. த்ரீவீல் ஒண்டு பிடிக்கிறன்."

நீ என்னைப் பார்க்கவேயில்லை. ரிஸ்வானின் முதுகைப் பிடித்துக்கொண்டு போனாய், அம்மா த்ரீவீலில் பின்னால். வீதி முனையில் ரிஸ்வான் உன்னிடம் ஏதோ கேட்டான். நீ பதில் சொல்லவில்லை. அவன் இடது தோளுக்கு மேலால் திரும்பி, அடிபட்ட காதுப் பக்கம் கேட்டான். அதைக் கண்டபோதுதான் கையிலிருந்த லென்சைக் கீழே வைத்தேன்.

லிஃப்டின் ப்ரேக் எப்படி வேலை செய்கிறது என்று உனக்குச் சின்ன வயதில் சொல்லியிருக்கிறேன். ஸ்பிரிங்தான் இறுக்கிப் பிடிக்கிறது. கரண்ட் வந்தால்தான் விடும். கரண்ட் போனால், வயர் அறுந்தால், எது பிழையானாலும் உடனே பிடித்துவிடும். பிடித்திருப்பதுதான் அதன் சாதாரண நிலை. அதனால்தான் மனிசர் நம்பி ஏறுகிறார்கள். எனக்குள் இருப்பது தலைகீழாகப் பூட்டிய ப்ரேக். எல்லாம் சரியாக ஓடும்வரை பிடித்திருக்கும். ஒன்று பிழையானால் முதலில் விட்டுவிடுவது அதுதான். இப்படி ஒரு லிஃப்டைக் கண்டால் நான் அந்த நிமிடமே நிறுத்திப் பலகை மாட்டுவேன், யாரையும் ஏறவிடமாட்டேன். என்னோடு நீயும் அம்மாவும் பத்தொன்பது வருடம் ஏறி இறங்கியிருக்கிறீர்கள்.

பன்னிரண்டு மணியளவில் கார்ட்டைக் கம்பியூட்டரில் போட்டேன். உன் குற்றத்தை நிரூபிக்கத்தான் போட்டேன், பொய் சொல்லமாட்டேன். வெட்டுப்பட்ட கொப்பின் நுனி எங்காவது தெரியும், அதைப் பெரிதாக்கி ரிஸ்வானுக்கு அனுப்பலாம் என்று பார்த்தேன். முதல் ஏழெட்டுப் படத்தில் தாய் கூட்டின் விளிம்பில், மூன்று வாய் பிளந்திருக்கிறது, தொண்டையின் மஞ்சள்வரை தெரிகிறது. பிறகு மேல்மூலையில் ஒரு கறுப்பு. அடுத்ததில் அது காகம். தாய் போகவில்லை. காகத்தின் தலைமேல் ஏறி நிற்கிறது, ஒரு கைப்பிடிகூட இல்லாத குருவி. காகம் தலையை ஒரு உதறு உதறியதில் தாய் படத்தைவிட்டே காணாமல் போகிறது. முதல் குஞ்சை அலகு வயிற்றில் பிடிக்கிறது. அடுத்த படத்தில் அந்தக் குஞ்சின் வயிறு இல்லை. இரண்டாம் குஞ்சு இறக்கையில் தொங்குகிறது, ஆண் வந்து கண்ணைக் கொத்தப் பார்க்கிறது. நீ குழுவில் போட்டது அதுதான். கூடு சரிகிறது. மூன்றாவது விளிம்பிலிருந்து கீழே விழுகிறது. இதெல்லாம் நாலு செக்கனுக்குள்.

முப்பத்தெட்டாம் படத்திலிருந்து கமரா சாய்கிறது. அடுத்தது முழுக்க இலை. அடுத்தது சேறு. கடைசிப் படம் வானம். கொஞ்ச நேரம் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. தூரத்திலிருந்து படம் எடுக்கிற ரிமோட் வயர் உன் கையில் இருந்திருக்கிறது. அதை விடாமலே எழும்பி ஓடியிருக்கிறாய். வயர் இழுத்து முக்காலி சரிந்திருக்கிறது, விழுகிற கமரா தன்பாட்டில் எடுத்திருக்கிறது. காகத்தைத் துரத்தத்தான் ஓடினாய். கொலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து எடுத்தவன் என்று நான் நினைத்த ஆள் அந்த வானத்தில் இல்லை.

திரும்பவும் முதல் படத்துக்கு வந்து முழு அளவில் பெரிதாக்கினேன். இடது ஓரத்தில், ஒதுங்கி நிற்கிற கொப்பில், ஒரு கறுப்புக் கோடு. கேபிள் டையின் வாலை நான் எப்போதும் சாய்வாக வெட்டுவேன். சாய்வாக இருந்தது.

நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு மேலே ஏறினேன். கூடு பாதி பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. கீழே விழுந்த குஞ்சைச் சுற்றி எறும்பு. ஆண் அப்போதும் வந்து போனது, அலகில் ஒரு பூச்சியை வைத்துக்கொண்டு. கவைக்கொப்பில் உட்காரும், இந்தப் பக்கம் பார்க்கும், பறக்கும், அதே பூச்சியோடு திரும்ப வரும். அது கத்தியிருக்கும். வாய் திறந்தது தெரிந்தது. எனக்குக் கேட்கவில்லை. பிறகு டையை வெட்டக் கையை வைத்தபோதுதான் அதைக் கண்டேன். நைலோனில் வரிசையாகப் பல் தடம். ஒரு இடத்தில் பாதி வரை கடிபட்டு வெளுத்திருக்கிறது. பக்கத்துக் கொப்பின் தோல் உரிந்திருக்கிறது, கல்லால் தேய்த்திருக்கிறாய். அவசரத்தில் கட்டரோ கத்தியோ எடுக்காமல் போய், விடியற்காலையில் அங்கே நின்று என் கட்டைப் பல்லால் அறுக்கப் பார்த்திருக்கிறாய். நீ பக்கத்தில் நின்றால் தாய் கூட்டுக்கு வராது, குஞ்சு குளிரில் செத்துவிடும். அதனால் விட்டுவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்திருக்கிறாய். சரியான முடிவு. நான் அங்கே நின்றிருந்தாலும் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பேன்.

இதெல்லாம் உனக்குத் தெரிந்தே வாசலில் நின்று என் அடியை வாங்கினாய். "நீங்க கட்டுனதுப்பா" என்று ஒரு சொல், இரண்டே சொல், சொல்லவில்லை. ஊர் முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்தாயா? பயமா? எதுவானாலும் சரி, அப்பாவாக உனக்கு நான் சொல்லக்கூடிய ஒரே புத்திமதி இதுதான்: யாருடைய பிழையையும் உன் உடம்பில் வாங்காதே. அப்பாவுடையதை முக்கியமாக வாங்காதே. நாளைக்கு ஒரு முதலாளி வருவான், ஒரு கூட்டாளி வருவான், ஒரு பெண்ணும் வரலாம். அவர்களுடைய கட்டை நீ கடித்து அறுக்கப் பார், அது நல்ல குணம். ஆனால் அறுக்க முடியாமல் போனால், கட்டியது யார் என்று சத்தமாகச் சொல். சொன்னால் மரியாதை போய்விடும் என்று நினைக்கிற அப்பனுக்கு உன் மரியாதை தேவையில்லை. இன்னொன்று. உனக்கு என் கை வந்திருக்கக்கூடும். உயரமும் தோளும் என்னுடையதுதான். என்றாவது ஒரு நாள் ஒருவர் முன்னால் அது தானாக மேலே ஏறும். அப்போது இந்தக் காதை நினை.

இப்போது என் கேள்வி. மூன்று குஞ்சும் செத்து ஒன்றரை மணித்தியாலத்தில், சேறு காயும் முன்னம், அந்தப் படத்தை ஏன் குழுவில் போட்டாய்? இலை ஒதுங்கியிருந்தது என்று ஒரு வரிகூட எழுதாமல் "காகம்" என்று மட்டும் ஏன் போட்டாய்? நாம் ஒரு இலையைத் தொட்டுவிட்டால் அதற்குப் பிறகு நடப்பது இயற்கை இல்லை. பார்க்கிறவர்களுக்கு அதைச் சொல்லியாக வேண்டும். என்னைக் காப்பாற்றத்தான் சொல்லவில்லை என்றால் அது ஒரு பொய். கைதட்டலுக்காக என்றால் அது வேறொரு பொய். எது என்று எனக்குத் தெரியாது. அடித்து வாங்கிய பதிலாக அது இருக்கக்கூடாது, அதனால் இப்போது சொல்ல வேண்டாம். உனக்கே தெரிந்தால் போதும்.

நாலரைக்கு ரிஸ்வான் போன் எடுத்தான்.

"மகன் இங்கதான் ஈக்கிறான். ஆஸ்பத்திரிக்குக் காட்டிட்டு வந்தம். சோறு கொஞ்சம் திண்டான், ஒரு பக்கத்தாலதான் மெல்றான். நீ இப்ப வராத."

"காது?"

"சவ்வு கிழிஞ்சீக்காம். தன்னால மூடவும் ஏலுமாம், மூடாமப் போகவும் ஏலுமாம். தண்ணி படக்கூடாது. நாளைக்குக் காலைல காது டொக்டருட்ட வரச் சென்னாங்க."

"கேக்குதாமா?"

"இடது பக்கம் ஓடத் தண்ணி ஓடுற மாதிரி இரைச்சல்தானாம். என்ட வீட்டு வேப்பமரத்துல குருவி கத்துது மச்சான், புள்ள தலையத் திருப்பித் திருப்பிப் பாக்கிறான். எந்தப் பக்கம்ண்டு தெரியல அவனுக்கு."

"வீட்டுக்கு வருவானாமா?" என்று கேட்டேன். "வரமாட்டானாம்" என்றான். "நான் கேட்டன். வரமாட்டானாம். என்ட வாயால வேற என்ன செல்ற?" போனை வைத்துவிட்டான்.

மன்னிப்பு என்று எழுதிப் பார்த்தேன். அந்தச் சொல்லை எழுதியவுடன் பந்து உன் பக்கம் வந்துவிடுகிறது, நீ ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். உனக்கு அந்த வேலையும் நான் தரக்கூடாது. அழித்துவிட்டேன். பழுதான இயந்திரத்தின் முன்னால் நின்று வருத்தப்பட்டுப் பிரயோசனமில்லை, அடுத்து என்ன செய்வது என்று எழுதிவிட்டுச் செய்ய வேண்டும். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

1. இந்தக் கடிதத்தை இப்போதே குழுவில் போடுவேன். காலையில் போட்ட செய்தியை அழிக்கமாட்டேன், அதற்குக் கீழேயே இது நிற்கட்டும். உன்னைத் திரும்பச் சேர்த்த பிறகு குழுவிலிருந்து நான் விலகுவேன். நீ சேர விரும்பாவிட்டாலும் விலகுவேன்.

2. கண்காட்சிப் படம் உன்னுடையது. வைப்பதா வேண்டாமா என்று நீ முடிவு செய். வைத்தால் அதன் கீழே, கிளையை ஒதுக்கிக் கட்டியவர் பெயர் என்று என் பெயரைப் போடச் சொல்லி எழுதிக் கொடுப்பேன்.

3. என் கமராவையும் பெரிய லென்சையும் நாளைக்கு ரிஸ்வானின் கடையில் வைத்துவிட்டுப் போவேன். உனக்கு. வேண்டாமென்றால் அவன் விற்றுவிட்டுப் பணத்தை அம்மாவிடம் கொடுப்பான். இனி நான் கூட்டுக்குப் பக்கத்தில் போவதில்லை.

4. அம்மா இந்த வீட்டுக்கு வர விரும்பினால், ஒரு சொல் அனுப்பினால் போதும், அவள் வருவதற்கு முன் நான் கிளம்பிவிடுவேன். கண்டியில் வேலையாட்கள் தங்குகிற அறையில் ஒரு கட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். எவ்வளவு நாள் என்று அவள் சொல்லட்டும்.

5. கையை ஓங்குகிறவர்களுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு மனநல டொக்டர் இருக்கிறார் என்று என்னோடு வேலை செய்கிறவன் ஒருவன் முன்பு சொன்னான். அவனைப் பார்த்துச் சிரித்தேன். இந்தக் கிழமையே நம்பர் எடுத்து வரிசையில் உட்காருவேன்.

6. நாளைக்குக் காலை ஆஸ்பத்திரிக்கு வருவேன். உன் பக்கத்தில் வரமாட்டேன். ரிஸ்வான் உன்னோடு உள்ளே வருவான், நான் கேற்றடியில் நிற்பேன். நீ என்னைக் கண்டால் பார்க்க வேண்டாம், நேரே நட.

7. கிரிக்கெட் பந்து பட்டது என்று இன்றைக்கு டொக்டரிடம் சொல்லியிருக்கிறாயாம். அம்மா ரிஸ்வானின் போனில் செய்தி போட்டிருக்கிறாள். நாளைக்கு நீ பார்த்துவிட்டு வெளியே போன பிறகு நான் உள்ளே போவேன். நீ உட்கார்ந்த அதே கதிரையில் உட்கார்ந்து, பந்து இல்லை டொக்டர், இந்தக் கை என்று காட்டுவேன். அவர் அதை எழுதட்டும். பொலிசுக்கு அனுப்ப வேண்டுமென்றால் அனுப்பட்டும், அங்கேயும் போய் அதையே சொல்வேன்.